உமித்தூசிக் காலத்தில் வாங்கிய இருமல் பாணி

மாசியில் பரந்தன் வயல்களுக்குள் அறுவடை இயந்திரங்கள் இறங்கிவிட்டால் உமித்தூசி எங்கள் விறாந்தை வரை வந்து படியும். இந்த முறை தடிமன் மாறிய பிறகும் வறட்டு இருமல் என்னை விடவில்லை. சளி துளியும் இல்லை. பகலில் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது எப்படியோ அடக்கிவிடுவேன். இரவில் தலையணையில் தலை வைத்ததும் தொண்டைக்குள் நெற்சுணை பட்டதுபோல் தொடங்கும். ஆடாதோடையும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தேன். தொண்டைக்கு இதமாக இருந்தது, விலா நோவு மட்டும் குறையவில்லை.

ஐந்தாம் நாள் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறி, டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் பாணி வாங்கினேன். முன்பொரு முறை கோடீன் கலந்த பாணி குடித்து, மலச்சிக்கலோடும் மந்தமான தலையோடும் பாடம் நடத்தியவள் நான். கோடீன் அபின் வழி வந்தது. டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் உரிய அளவில் போதை தராமல், மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தைத் தணிக்கிறது. என் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 10 மில்லிலீற்றர், ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் 120 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது.

முதல் இரவு ஒருமுறை மட்டும் எழுந்தேன். மூன்றாம் இரவு சேவல் கூவும் வரை தூங்கினேன். பகலில் இருமல் கொஞ்சம் மிச்சமிருந்தது. லேசான தூக்கக் கலக்கமும் உண்டு. இனிப்பு எனக்குத் திகட்டியது.

மருந்துக்கடைத் தம்பியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சளி வருகிறதா, இருமல் இரண்டு கிழமையைத் தாண்டிவிட்டதா, மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்ட பிறகே போத்தலை எடுத்தார். அந்தக் குளிசைகள் சிலவற்றோடு இது சேர்ந்தால் ஆபத்தாம். அம்மாவுக்கும் வறட்டு இருமல், இன்னொன்று தாருங்கள் என்றேன்.

“அம்மா பிரஷருக்கு என்ன குளிசை எடுக்கிறார், ரீச்சர்?”

“எனலாப்ரில்.”

அவர் போத்தலை வைத்துவிட்டார். “அந்தக் குளிசையே சிலருக்கு இருமலைக் கொடுக்கும். கிளினிக் கொப்பியோடு வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.”

வைத்தியர் அதை லோசார்டன் என்ற வேறு பிரஷர் குளிசைக்கு மாற்றினார். மூன்றாம் கிழமை அம்மாவின் இருமல் நின்றது. ஒரு வருடமாக அந்த இருமலுக்குத்தான் நான் கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தேன்.

என் போத்தலில் பாதி மிச்சம் இருக்கிறது. மச்சாள் தன் மூன்று வயது மகனுக்குக் கேட்டார். அந்த வயதுக்கு இது கூடாது என்று சொல்லி, கொடுக்கவில்லை.