காலைல 180, ராத்திரி 3: ஷென்ஜென்ல அஞ்சு வருஷம் விபிஎன் ஓட்டுன கதை

சீனாவுல கூகுள், வாட்ஸ்ஆப் எல்லாத்தையும் அரசாங்கம் ஃபயர்வால்ங்கற சுவர் வெச்சு மறைச்சிருக்கு, அதைத் தாண்டி வெளிய போறதுக்குத்தான் விபிஎன். அங்க போறவங்க எந்த விபிஎன் நல்லதுன்னு பேரு மட்டும் கேக்காதீங்க, சீனாவுல இந்த மாசம் ஓடுறது அடுத்த மாசம் ஓடும்னு எவனும் கேரண்டி தர முடியாது. 2019 செப்டம்பர்ல ஷென்ஜென் போனேன், சர்க்யூட் போர்டு சோர்சிங் வேலை, 2024 கடைசி வரைக்கும் அங்கதான். அதுக்குள்ள மூணு செட்டப் மாத்தியாச்சு.

ஊர்லயே ஒரு வருஷத்துக்கு காசு கட்டி ஆப்பை போன்ல ஏத்திக்கிட்டுதான் ஃப்ளைட் ஏறுனேன். ஆப்பிள் 2017லயே சீனா ஸ்டோர்ல இருந்து விபிஎன் ஆப்பையெல்லாம் தூக்கிருச்சு, கூகுள் பிளே அங்க திறக்கவே திறக்காது, போயி இறக்கிக்கலாம்னு வர்றவன் ஏர்போர்ட்லயே முழிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான். ரெண்டு வாரம் ஜோரா ஓடுச்சு. அக்டோபர் 1 மக்கள் சீனா உருவானதோட 70வது ஆண்டு விழா, அதுக்கு நாலு நாள் முன்னாடியே கனெக்டிங் கனெக்டிங்னு சுத்த ஆரம்பிச்சிருச்சு, சப்போர்ட்ல கேட்டா வேற சர்வர் போட்டுப் பாருங்கங்கற ஒரே பாட்டு. அங்க இருக்குறவங்களுக்கு இது பழகிப்போச்சு. மார்ச்ல பார்லிமெண்ட் கூட்டம், ஜூன் 4 தியானன்மென் நினைவு நாள், அக்டோபர் 1, இதெல்லாம் வந்தா ஏணி ஆடும்பாங்க. விபிஎன்னுக்கு அங்க ஏணின்னுதான் பேரு, சுவர் ஏறிக் குதிக்கணும்ல.

விபிஎன்ல பல முறை இருக்கு, அதுல வயர்கார்டுங்கறது ஸ்பீடுல ராஜா, ஆனா அங்க பொழைக்காது. ஒளிஞ்சு போறதுக்காக செஞ்சதே இல்ல அது, அது அனுப்புற மொத பாக்கெட் (டேட்டா பொட்டலம்) எப்பவும் 148 பைட், கழுத்துல பேரு எழுதி மாட்டிக்கிட்டு செக்போஸ்ட்டை தாண்டுற மாதிரி. ஓப்பன்விபிஎன்ங்கற இன்னொரு முறையும் அதே கதைதான்.

அதனால 2020ல சொந்தமா ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்து, டேட்டாவை அடையாளமே தெரியாம கலக்கி அனுப்புற ஷேடோசாக்ஸ் போட்டேன். ஒன்றரை வருஷம் நிம்மதி. 2021 நவம்பர்ல திடீர்னு ஓடுது நிக்குது ஓடுது நிக்குது, லாக்கை எடுத்துப் பாத்தா ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட மூணு நிமிஷம் செத்துட்டு தானா உயிர் வருது. அப்புறம் ஆராய்ச்சிக்காரங்க எழுதுனதைப் படிச்சுதான் புரிஞ்சுது, மொத பாக்கெட் எந்த ஒழுங்கும் இல்லாம முழுக்க குப்பை மாதிரி இருந்தா அதையே சந்தேகப்பட்டு 180 செகண்டு மூடிடுறாங்களாம். அதாவது முகத்தை முழுசா மூடிக்கிட்டு போனதே தப்பாப் போச்சு.

சரி, சாதாரண வெப்சைட் மாதிரி வேஷம் போடலாம்னு, வெப்சைட்டெல்லாம் போடுற பூட்டான டிஎல்எஸ்க்கு மாறுனேன். 2022 அக்டோபர் 16 கம்யூனிஸ்ட் கட்சி மாநாடு, மாச ஆரம்பத்துலயே 443 போர்ட் (சர்வர்ல வெப்சைட்டுக்கான வாசல்) காலி. சர்வருக்கு பிங் போகுது, சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்எச் போகுது, அந்த போர்ட் மட்டும் பொணம். போர்ட்டை மாத்துனேன், மறுநாள் அதுவும் போச்சு, மூணாவது நாள் சர்வரோட ஐபி முகவரியே போச்சு. என்னை மாதிரி நிறைய பேருக்கு அந்த வாரம் இதேதான். 2023ல ரியாலிட்டிங்கற புது முறை வந்துச்சு, உண்மையான வேற சைட்டோட ஹேண்ட்ஷேக்கையே (கனெக்ஷனோட மொத கைகுலுக்கல்) கடன் வாங்கிக்கும், ஃபயர்வால் வந்து கதவைத் தட்டிப் பாத்தாலும் அந்த சைட்டுதான் பதில் சொல்லும். ஊரை விட்டு கிளம்புற வரைக்கும் அது விழல.

ஆனா எனக்கு நெஜமான தலைவலி ப்ளாக் இல்ல, ராத்திரி 9 மணி. நம்மூர்ல அம்மா விளக்கேத்திட்டு போன் எடுக்குற ஆறரை மணி எனக்கு 9. காலைல 6 மணிக்கு டெஸ்ட் பண்ணா 180 எம்பிபிஎஸ், ராத்திரி 9க்கு 3, அதுலயும் நூறு பாக்கெட்ல இருபது காணாம போகும். அம்மா மூஞ்சி பாதி கட்டமா நிக்கும், கேக்குதாடா கேக்குதாடான்னு மட்டும் வரும். ரெண்டு வருஷம் ஃபயர்வாலைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன், பாத்தா அது வெறும் டிராஃபிக் ஜாம், வெளிநாட்டுக்கு போற சாதா லைன்ல ஊரே ஒரே நேரத்துல ஏறுது. கண்டுபிடிக்கிறது ஈஸி, ராத்திரி மட்டும் லாஸ் (காணாம போற பாக்கெட்) ஏறி நடுராத்திரிக்கு மேல சரியானா நெரிசல், எந்நேரமும் ஒரே போர்ட் மட்டும் செத்துக் கெடந்தா ப்ளாக். சிஎன்2ங்கற நெரிசல் கம்மியான சைனா டெலிகாம் லைன் இருக்குற சர்வருக்கு மூணு மடங்கு காசு கொடுத்து மாறுனேன். ராத்திரி 40தான் வருது, ஆனா லாஸ் நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழ, வீடியோ காலுக்கு ரெண்டு எம்பிபிஎஸ் இருந்தா தாராளம். ஸ்பீடு டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் போடுறவன்கிட்ட மொதல்ல எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு கேளுங்க.

இன்னொண்ணு, எல்லா டிராஃபிக்கையும் விபிஎன்ல விடாதீங்க. நூடுல்ஸ் கடை க்யூல நின்னு காசு கட்ட வீசாட் பே ஆப் திறந்தா, அது விபிஎன் சர்வர் இருக்குற ஜப்பானைச் சுத்திட்டு வர்றதுக்குள்ள பின்னாடி பத்து பேரு முறைக்கிறான். உள்ளூர் ஆப் நேரா போகட்டும், மத்தது மட்டும் ஏணில ஏறட்டும்னு ரூல் போட்டுக்கணும். சட்டத்தையும் தெரிஞ்சுக்கோங்க, அனுமதி இல்லாத வழில வெளிய போனா 15,000 யுவான் வரை அபராதம்னு எழுத்துல இருக்கு.

இத்தனை கூத்துக்கும் நடுவுல அஞ்சு வருஷமா ஒரு நாள்கூட விழாதது ஹாங்காங் சிம். ரோமிங்ல போட்டா டேட்டா ஹாங்காங் போயித்தான் வெளிய வரும், சுவரே குறுக்க வராது. டேட்டா விலைதான் கடிக்கும், அதனால ட்ராயர்ல போட்டு வெச்சிருப்பேன், ஜூன் முதல் வாரத்துல எடுத்து மாட்டுவேன்.