கலவை ஊடக நோட்டு அட்டை: ஈராண்டுப் புழக்கத்தில் நின்றதும் உதிர்ந்ததும்

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம், கெட்டி அட்டை போட்ட 192 பக்க நோட்டுகள் மூன்றை ஒரே கடையில் வாங்கினேன். காகிதத் துண்டு, துணி, அக்ரிலிக் வண்ணம், காய்ந்ததும் மேடாக நிற்கும் புடைப்புப் பசை, சணல் கயிறு முதலியவற்றை ஒரே பரப்பில் அடுக்கிச் செய்யும் கலவை ஊடக முறையில் அவற்றின் மேலட்டைகளை அலங்கரிப்பதுதான் நோக்கம். முதலாவது வீட்டுக் கணக்கிற்கு, இரண்டாவது சமையல் குறிப்புக்கு. அடுத்த ஆண்டு ஜனவரியில் செய்து முடித்த மூன்றாவது, நாள்தோறும் அலுவலகப் பையில் போய்வருகிறது. மிக அதிகமாக அடிபட்ட அந்த மூன்றாவதுதான் இன்று மூன்றிலும் நன்றாக இருக்கிறது என்பதே இப்பகிர்வை எழுதத் தூண்டியது.

முதல் நோட்டில் செய்த பிழை அடிப்படையிலேயே இருந்தது. கடையில் கிடைக்கும் நோட்டு அட்டைகள் பலவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். அதன் மீது நேரடியாகப் பூசிய அக்ரிலிக் வண்ணம் மூன்று மாதத்தில் வெங்காயச் சருகைப் போல உரிந்து வந்துவிட்டது. அடுத்த இரண்டிலும் 220 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு, ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை இரண்டு முறை பூசினேன். அக்ரிலிக் பசையில் சுண்ணத்தூளும் வெள்ளை நிறமியும் கலந்த பூச்சுதான் அது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்து வைக்கும் மக்கு வேலையை அறிந்தவர்களுக்கு இதன் தன்மை உடனே விளங்கும். முகப்பவுடரையும் வெள்ளைப் பசையையும் கலந்து வீட்டிலேயே செய்த அடிப்பூச்சையும் சமையல் நோட்டின் பின்னட்டையில் சோதித்தேன். தூள் சற்று மிகுந்துவிட்டதால் மூலைகளில் வெடித்துவிட்டது; அளவு சரியாக அமைந்த இடத்தில் இன்றும் கெட்டியாகவே இருக்கிறது.

அட்டை வளைந்துபோவது எல்லோருக்கும் நேரும் தொல்லை. ஈரப்பசை தடவிய காகிதம் முதலில் விரிந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். எவ்வளவு கனமான புத்தகத்தை மேலே வைத்தாலும், எடுத்த மறுநாள் அட்டை மீண்டும் வளைந்துவிடும். இதற்குப் பைண்டிங் செய்பவர்கள் கையாளும் வழிதான் பலித்தது: அட்டையின் உட்புறத்திலும் அதே கனமுள்ள தாளை ஒட்டி, காகிதத்தின் இழை ஓடும் திசை இருபுறமும் நோட்டின் முதுகுக்கு இணையாக இருக்குமாறு பார்த்துக்கொண்டு, இரண்டு நாள் பாரம் ஏற்றி வைக்க வேண்டும். மூன்றாவது நோட்டு இன்றும் மேசையில் தட்டையாகப் படிகிறது.

என்னை மிகவும் சோதித்தது வெயில்தான். சென்னையில் முதல் கோடையின்போது, அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்த கணக்கு நோட்டும் சமையல் நோட்டும் ஒட்டிக்கொண்டன. பிரிக்க முயன்றபோது ஒன்றின் படம் மற்றொன்றின் பின்னட்டையோடு போய்விட்டது. அக்ரிலிக் காய்ந்த பிறகும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான். வெப்பத்தில் சற்று இளகும், புழுக்கத்தில் பிசுபிசுக்கும். காகிதம் ஒட்டப் பயன்படும் வெள்ளைப் பசையின் குணமும் ஏறத்தாழ இதுவே. பளபளப்பான வார்னிஷ் பூசினால் சரியாகும் என்று நம்பிப் பூசியதில் பிசுபிசுப்பு கூடியதுதான் மிச்சம். மூன்றாவதற்கு மங்கல் வார்னிஷை மெல்லியதாக இருமுறை பூசி, மூன்று வாரம் காற்றாட விட்டு, பிறகு தேன்மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தேன். அதன்பின் இரண்டு கோடைகளை அது ஒட்டாமல் கடந்துவிட்டது. பொறுமையில்லாதவர்கள் நோட்டுகளுக்கு இடையே ஒரு பட்டர் பேப்பரையாவது வைத்துவிடலாம்.

சமையல் நோட்டில் பழைய நினைவுக்காக மைதாப் பசையைப் பயன்படுத்தியது என் பிடிவாதம். இராமபாணப் பூச்சிகள் அதைத் தேடி வந்து, ஒட்டிய தாளின் ஓரங்களைச் சல்லடையாக்கின. பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பதன் காரணம் அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அது நஞ்சு என்பதால் அடுக்களையில் புழங்கும் நோட்டுக்கு அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

புடைப்பு வேலையைப் பற்றி என் கருத்து இந்த ஈராண்டில் மாறிவிட்டது. துளையிட்ட கோல அச்சை அட்டையின் மேல் வைத்து, புடைப்புப் பசையை அட்டைத் துண்டால் வழித்தால் புள்ளிகள் அவ்வளவு அழகாக எழும்பி நிற்கும். ஆனால் பையில் சாவியும் டிபன் பாக்ஸும் உரசும் நோட்டில் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பிய எதுவும் நிலைக்கவில்லை. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டிய பொத்தான்களோ, ஸ்கூட்டர் பெட்டியின் வெயிலில் ஒரே மதியத்தில் கழன்றுவிட்டன. சணல் கயிறு தப்பியதற்குக் காரணம், பசையை மட்டும் நம்பாமல் அதை அட்டையில் துளையிட்டுத் தைத்திருந்ததே.

பொன்னிறத் தாளின் கதையும் சுருக்கமானதுதான். மலிவான தாள் தங்கமன்று, செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. மேலே காப்புப் பூச்சில்லாத இடங்களில், விரல்படும் மூலைகளில், கறுத்துவிட்டது. செய்தித்தாள் துண்டுகள் எதிர்பார்த்தபடியே பழுத்தன. அந்தப் பழுப்பு எனக்குப் பிடித்திருப்பதால் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன்.

ஒரு நோட்டின் ஆயுள் உண்மையில் முதுகிலும், முதுகும் அட்டையும் சேரும் பள்ளத்திலும் இருக்கிறது. கணக்கு நோட்டில் அந்தப் பள்ளத்தின் மேலும் வண்ணத்தையும் பசையையும் பூசியிருந்தேன். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு கீறல் விழுந்து, ஆறு மாதத்தில் உள்ளட்டை தெரிந்தது. மூன்றாவதில் அங்கே பழைய பருத்திப் புடவையின் ஒரு பட்டையை ஒட்டி, அலங்காரம் எல்லாவற்றையும் பள்ளத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளியே தொடங்கினேன். துணி மடங்குவதற்கென்றே பிறந்தது போல மடங்குகிறது.

அந்த மூன்றாவது நோட்டில் இன்னும் பதினேழு பக்கங்கள் எஞ்சியிருக்கின்றன. எழுதி முடித்ததும் அதன் அட்டையைக் கழற்றிப் புதிய தாள்கட்டுக்கு மாற்றிக் கட்டித்தர முடியும் என்று தெருமுனை பைண்டர் சொல்லியிருக்கிறார். முதுகுத் துணியை மட்டும் புதிதாக வெட்டித் தர வேண்டுமாம். அதே புடவையின் மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.