சுழலும் தகடா, சுழலும் கலமா? நுண்ணலைப் பின்னணியின் தளவிளைவை விண்ணில் அளக்க இரு வழிகள்

பெருவெடிப்பின் எச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியின் வெப்பநிலை 2.725 கெல்வின். அதன் ஏற்ற இறக்கம் 100 மைக்ரோகெல்வின் அளவு. தளவிளைவு என்பது அந்த ஒளியின் அதிர்வு ஒரு திசையில் சாய்ந்திருப்பது; அதில் சுழல் வடிவமில்லாத ஈ-வகை ஒரு சில மைக்ரோகெல்வின்தான். ஆதி ஈர்ப்பலைகள் விட்டுச் சென்றிருக்கக்கூடிய சுழல் வடிவப் பி-வகைச் சுவடோ, அந்த ஈர்ப்பலைகளின் வலிமையைக் குறிக்கும் டென்சர்–ஸ்கேலார் விகிதம் 0.001 என்று வைத்தால், ஒரு பாகை அளவில் 10 நானோகெல்வினைக்கூடத் தொடாது. இரைச்சலை அடக்க உணரிகளைக் கூட்டினால் போதும். கருவியே உண்டாக்கும் பொய்க் குறிகை அப்படி அடங்காது.

ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளை அளக்கும் இரண்டு உணரிகளின் வித்தியாசத்தைத் தளவிளைவாக எடுப்பது பழைய முறை. இரண்டின் பெருக்கமும் (குறிகையைப் பெரிதாக்கும் அளவு) 0.1 சதவீதம் வேறுபட்டால், வெப்பநிலை ஏற்ற இறக்கத்திலிருந்து 100 நானோகெல்வின் தளவிளைவுக்குள் கசியும். பூமியின் இயக்கமும் சூரியக் குடும்பத்தின் இயக்கமும் சேர்ந்து தரும் 3.4 மில்லிகெல்வின் இருமுனைக் குறிகையிலிருந்து (வானின் ஒரு பாதி சற்றுச் சூடாகவும் மறுபாதி குளிர்ச்சியாகவும் தெரிவது) 3 மைக்ரோகெல்வினுக்கு மேல் கசியும். இந்தக் கசிவைப் பிரிக்கத்தான் இரண்டு வழிகளும்.

கலத்தைச் சுழற்றுவது

வானின் ஒரே புள்ளியைப் பல கோணங்களில் பார்த்தால், உண்மையான தளவிளைவு கோணத்தோடு மாறும், பெருக்க வேறுபாட்டின் கசிவு மாறாது. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் கலம் நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றது. சுழலச்சு சூரியனுக்கு நேரெதிர்த் திசையிலிருந்து 7.5 பாகை விலகிப் பம்பரம்போல் தலையாட்டியது. பார்வைத் திசை சுழலச்சிலிருந்து 85 பாகை. இரண்டின் கூட்டுத்தொகை 90-ஐத் தாண்டினால்தான் முழு வானமும் கிடைக்கும், கிடைத்தது. ஆனால் 7.5 பாகை மிகச் சிறிய தலையாட்டம். சூரியப் பாதையை ஒட்டிய வானத்தில் பார்வைக் கோடுகள் ஏறக்குறைய ஒரே திசையில்தான் கடந்து சென்றன.

அதன் விலையை உயர் அதிர்வெண் கருவி கொடுத்தது. அனலாக்–டிஜிட்டல் மாற்றியின் நேர்கோட்டுத்தன்மை சிறிது பிசகியிருந்ததால் பெருக்கம் நாளுக்கு நாள் மாறுவதுபோல் தெரிந்தது. இருமுனைக் குறிகை பெரிய கோண அளவுத் தளவிளைவுக்குள் புகுந்தது. அந்தப் பெரிய அளவுத் தரவை 2015 வெளியீட்டின் அண்டவியல் முடிவுகளில் சேர்க்க முடியவில்லை. பல சுற்றுத் திருத்தங்களுக்குப் பிறகே அது பயன்பட்டது.

பின்வந்த திட்ட வரைவுகள் தலையாட்டத்தைப் பெரிதாக்கின: ஐரோப்பாவின் கோரில் தலையாட்டம் 30 பாகை, பார்வைத் திசை 65 பாகை; நாசாவுக்காக ஆராயப்பட்ட பிக்கோவில் 26, 69. கடக்கும் கோணங்கள் நன்றாகப் பரவும். அதற்கு ஈடாக, பக்கவாட்டில் விழும் வெயிலை மறைக்கப் பெரிய கவசம் வேண்டும், சூரியத் தகடுகளின் மின்சாரமும் குறையும்.

இந்த வழியால் தீராத பிழை ஒன்று உண்டு. உணரியின் பார்வைக் கற்றை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், அது உணரியோடு சேர்ந்தே திரும்பும். கோணத்தோடு மாறும் விதத்தில் உண்மையான தளவிளைவைப் போலவே நடிக்கும். எத்தனை கோணத்தில் பார்த்தாலும் பிரிக்க முடியாது. வியாழன் போன்ற கோள்களைக் கொண்டு கற்றையின் வடிவத்தை அளந்து கணக்கில் கழிக்க வேண்டியதுதான்.

தகட்டைச் சுழற்றுவது

ஜப்பானிய விண்வெளி முகமை 2019-இல் தேர்ந்தெடுத்த லைட்பேர்ட் கலம், தொலைநோக்கிகளின் வாயிலில் அரை அலைத் தகட்டை (ஒளியின் தளவிளைவுத் திசையைத் திருப்பும் தகடு) சுழற்றும் வடிவமைப்போடு வந்தது. மூன்று தொலைநோக்கிகளிலும் முறையே நிமிடத்துக்கு 46, 39, 61 சுற்று. தளவிளைவு, சுழல் வேகத்தின் நான்கு மடங்கில், அதாவது 3.1, 2.6, 4.1 ஹெர்ட்ஸில் தோன்றும். மெல்ல நகரும் இரைச்சல் மில்லிஹெர்ட்ஸ் பகுதியிலேயே தங்கிவிடும். ஒவ்வோர் உணரியும் தனியாகவே தளவிளைவை அளப்பதால் இணைகளைக் கழிக்கத் தேவையில்லை. கற்றை திரும்பாமல் தளவிளைவு மட்டும் திரும்புவதால் நீள்வட்டச் சிக்கலும் பெரும்பாலும் விலகும். பல சிறு பிழைகளைக் கொடுத்து, தகடு என்ற ஒரே பெரிய பிழையை வாங்குகிறோம். அது எந்த அதிர்வெண்ணில் வரும் என்று தெரியும் என்பதே இதில் லாபம்.

அந்தப் பிழையின் மூலங்கள் பல. தகட்டின் இரு அச்சுகளில் ஒளி ஊடுருவலும் வெப்ப உமிழ்வும் சமமல்ல. இது இருமடங்கு அதிர்வெண்ணில் பெரிய குறிகையைத் தரும். உணரி நேர்கோட்டில் இயங்கினால் தொல்லையில்லை. பிசகினால் ஒரு பகுதி நான்மடங்குக்கு ஏறி, தேடும் குறிகையின் மேலேயே உட்காரும். ஒளி சாய்வாக விழுந்தாலும் நேரடியாக நான்மடங்குக் குறிகை பிறக்கும். ஆகவே தகட்டை 20 கெல்வினுக்குக் கீழ், அதுவும் நிலையான வெப்பத்தில் வைக்க வேண்டும். மீக்கடத்திக் காந்தத் தாங்கியில் மிதக்கவிட்டால் உராய்வு போகும், ஆனால் சுழலும் காந்தப்புலம் மீக்கடத்தி உணரிகளை எட்டாதபடி கவசம் போட வேண்டும்.

அதிர்வெண் அகலமும் தலைவலி. ஒரே நீலக்கல் தகடு ஓர் அதிர்வெண்ணில்தான் சரியான அரை அலை. 34 முதல் 161 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்ய, பல தகடுகளைக் கோணம் மாற்றி அடுக்க வேண்டும். அடுக்கினால் அதன் செயல் அச்சு அதிர்வெண்ணோடு சற்றுத் திரும்பும். நம் பால்வீதித் தூசியின் நிறமாலைக்கு ஒரு கோணம், பின்னணிக்கு வேறொரு கோணம் என்றாகும்.

எது எங்கே

தீர்மானிப்பது வேகக் கணக்கு. லைட்பேர்ட் 20 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சுழலும். பார்வை நொடிக்கு 0.23 பாகை நகரும். அரைப் பாகைக் கற்றை ஒரு புள்ளியைக் கடக்க 2 நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் தளவிளைவு ஆறு முறை ஏறி இறங்கிவிடும். பிக்கோவில் பார்வை நொடிக்கு 5.6 பாகை ஓடும், கற்றை 150 கிகாஹெர்ட்ஸ் அருகே சுமார் 6 வில்நிமிடம். கடக்கும் நேரம் 18 மில்லிநொடி. அதற்குள் மூன்று ஏற்ற இறக்கம் வேண்டுமானால் தகடு நிமிடத்துக்கு 2,500 சுற்று சுழல வேண்டும். குளிர்நிலையில் நினைத்துப் பார்க்க முடியாத வேகம். போதாக்குறைக்கு 21 முதல் 799 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே தகடு தாங்காது.

ஆகவே பெரிய கோண அளவுப் பி-வகை மட்டும் குறி என்றால் தகடு. நுண்ணிய வரைபடமும் அகன்ற அதிர்வெண்ணும் வேண்டுமென்றால் கலத்தின் சுழற்சி. லைட்பேர்ட் தகட்டை மட்டும் நம்பி இறங்கவும் இல்லை: 45 பாகை என்ற தாராளமான தலையாட்டத்தையும் 50 பாகைப் பார்வைத் திசையையும் வைத்திருக்கிறது. தகட்டின் மிச்சக் கசிவைக் கலைக்க அது உதவும்.

இரண்டுமே தொடாத பிழை, தளவிளைவுக் கோணத்தின் சுழிப்புள்ளி, அதாவது கோணத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது. அது ஒரு பாகை பிசகினால் ஈ-வகையின் ஒவ்வொரு மைக்ரோகெல்வினிலிருந்தும் 35 நானோகெல்வின் பி-வகைக்குள் போகும். பிளாங்க்கில் இந்த நிச்சயமின்மை 0.28 பாகை. ஈ, பி இரண்டுக்கும் இடையிலான தொடர்பைச் சுழியாக்கிக் கோணத்தைத் திருத்தலாம்; ஆனால் 2020-இல் ஆய்வாளர்கள் மினாமியும் கோமாட்சுவும் பிளாங்க் தரவில் கண்ட 0.35 ± 0.14 பாகை போன்ற அண்டத் திருப்பத்தையும் (வரும் வழியில் ஒளியின் தளவிளைவே திரும்புவது) அது சேர்த்தே துடைத்துவிடும். தகடு வைத்தால் இங்கே நிலைமை இன்னும் இறுக்கம்: தகட்டின் கோணத்தைப் படிக்கும் குறியாக்கியில் ஒரு வில்நிமிடம் தவறினால் தளவிளைவுக் கோணம் இரண்டு வில்நிமிடம் தவறும்.