லிஜ்ஜத் பப்பட்: சுட்டும் பொரித்தும் பார்த்த பின்

மிளகு தூக்கலாக இருக்கும் வடநாட்டுப் பப்பட் சாம்பார் சாதத்துக்குத் தோதுப்படாது என்பது எங்கள் வீட்டில் நெடுநாளாக மாறாத தீர்ப்பு. அது சரிதானா என்று பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தில், சென்ற ஒரு மாதமாக பெண்களே உறுப்பினர்களாக இருந்து நடத்தும் லிஜ்ஜத் அமைப்பின் உளுந்து, பஞ்சாபி மசாலா, பூண்டு ஆகிய மூன்று வகைகளையும் வாங்கிச் சுட்டும் பொரித்தும் பார்த்தேன்.

இந்தப் பப்பட்டின் குணம் எண்ணெயைவிட நெருப்பில்தான் நன்றாகத் தெரிகிறது. அடுப்பைச் சிறுதீயில் வைத்து, இடுக்கியால் பிடித்து, ஓரிடத்தில் நிற்க விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால், முதலில் விளிம்பு சுருண்டு, பிறகு மேலெங்கும் சிறு கொப்புளங்கள் எழும்பி, பெருங்காய மணத்தோடு மொறுமொறுப்பாகிவிடுகிறது. பொரிக்கும்போது நம் அப்பளத்தைப் போல உப்பி எழுவதில்லை. தட்டையாகவே விரிகிறது, மிளகின் காரமும் எண்ணெயில் சற்று மங்கிவிடுகிறது. (முதல் நாள் எண்ணெயை அளவுக்கு மீறிக் காயவிட்டு நான்கைக் கருக்கியது முழுக்க முழுக்க என் அவசரம்.) உளுந்து வகை மிதமான காரம் கொண்டது. பஞ்சாபி மசாலாவில் ஒன்றிரண்டாக உடைந்த மிளகு பல்லில் படுகிறது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பாக்கெட்டைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, வட்டங்கள் அச்சில் வெட்டியவை போல இல்லாமல், ஒன்றின் ஓரம் இங்கே சற்று நெளிந்தும் மற்றொன்று அங்கே இம்மியளவு நீண்டும் இருப்பதைக் கவனித்தேன். ஆண்டுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் விற்கும் ஒரு பண்டம் இன்னமும் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கையால் இடப்படுகிறது என்பதற்கு அந்த நெளிவே சாட்சி. 1959 மார்ச் 15 அன்று மும்பையின் கிர்காவ் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில், 80 ரூபாய் கடனை முதலாகக் கொண்டு ஏழு குஜராத்திப் பெண்கள் தொடங்கிய தொழில் இது. முதல் நாள் தேறியது நான்கு பாக்கெட்டுகள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டின் மழைக்காலத்தில் காயவைக்க வழியில்லாமல் வேலை நின்றுபோனது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் வாங்கி, கட்டிலின்மேல் பப்பட்டைப் பரப்பி, அடியில் ஸ்டவ்வை ஏற்றி உலர்த்தினார்கள் என்ற செய்தியைப் படித்தபோது, ஐப்பசி மழையில் வடகத்தைக் காக்கப் போராடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த யோசனை ஏன் தோன்றவில்லை என்று வியந்தேன்.

நட்டமே வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்று அந்த ஏழு பெண்களும் தொடக்கத்திலேயே முடிவெடுத்தார்கள். அதனால்தான் இதை இரக்கத்துக்காக வாங்கும் பொருளாக எண்ணாமல், மற்ற பாக்கெட்டுகளோடு சமமாக வைத்துக் கறாராக மதிப்பிடுகிறேன். இன்று 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள் இந்த அமைப்பில் உறுப்பினர்கள். சாதி, மதம் பார்க்கப்படுவதில்லை, ஆண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாமே தவிர உறுப்பினராக முடியாது. காலையில் கிளைக்கு வரும் பெண், முந்தைய நாள் இட்டு உலர்த்தியதை ஒப்படைத்து, எடைக்கேற்ற கூலியைப் பெற்றுக்கொண்டு, கிளையில் பிசைந்து வைத்திருக்கும் புது மாவோடு வீடு திரும்புகிறார். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே வேலையை முடிக்க முடிவதும், கூலி நேராக அவர் கையிலேயே சேர்வதும் இந்த ஏற்பாட்டின் பெரிய பலன்கள் என்று கருதுகிறேன். இலாபமும் நட்டமும் உறுப்பினர்கள் அனைவருக்கும் பொது. ஆயினும் எடைக்குக் கூலி என்பதால் மணிக்கட்டின் வேகமே அன்றைய வருமானத்தைத் தீர்மானிக்கிறது; முதுகு வலிக்கும் நாளில் வரவு குறையத்தான் செய்யும். இந்த வேலை ஒரு குடும்பத்தை வசதிக்கு உயர்த்திவிடும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடச் செலவுக்குக் கடன்காரரிடம் நிற்காமல் காப்பாற்றும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

படிப்பின் பக்கமும் இந்த அமைப்பு கவனம் செலுத்தியிருக்கிறது. தொடக்கத்தில் சிறுமிகளும் உறுப்பினராகலாம் என்றிருந்ததை மாற்றி, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கப்படுகிறது. 1999-இல் கிர்காவில் உறுப்பினர்களுக்கே எழுத்தறிவு வகுப்புகள் தொடங்கின.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரித்த பாக்கெட்டை அப்படியே அலமாரியில் வைத்தால் பப்பட் நமத்துப்போகும், காற்றுப் புகாத டப்பாவே நல்லது. எங்கள் வீட்டில் சாம்பார் சாதத்துக்கு மதுரை அப்பளமே நீடிக்கிறது; தயிர் சாதத்துக்கும் பருப்புக் கிச்சடிக்கும் சுட்ட பஞ்சாபி மசாலா நிலைபெற்றுவிட்டது. பூண்டு வகையை இரண்டு முறைதான் ருசிக்க முடிந்தது, மீதியை என் மகன் விடுதிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.