நாலு வழி டிஃபரன்ஷியல் பிரீத்தர் கிட்: மேலே இருக்கும் பளபளப்பை விட அடியில் இருக்கும் ஃபிட்டிங்தான் காசுக்குத் தகும்

ஆற்றில் இறக்கப்போகும் வண்டிக்கு எல்லோரும் முதலில் ஸ்நார்கலைத்தான் (இன்ஜினுக்கு வேண்டிய காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) வாங்கி மாட்டுகிறார்கள். இன்ஜின் தண்ணீர் குடித்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், அதனால் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆக்சிலில் இருந்துகொண்டு இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியான டிஃபரன்ஷியல் தண்ணீர் குடித்தால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. வண்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஒருநாள் பின்பக்கம் பேரிங் ஊளையிட ஆரம்பிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். அதற்காக வாங்கியதுதான் இந்த கிட். முன் ஆக்சில், பின் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) ஆகிய நான்கிலிருந்தும் டியூபை மேலே கொண்டுபோய், பானட்டுக்குள் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) பொருத்தும் ஒரு அலுமினியக் கட்டையில் சேர்ப்பதுதான் இதன் ஏற்பாடு.

ஆக்சிலில் கம்பெனி வைத்து அனுப்பும் பிரீத்தர் ஒரு சின்ன உலோக மூடி. உள்ளே சூடாகி விரியும் காற்று அந்த மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். சாதாரண சாலைக்கு அது போதும். சிக்கல் எங்கே என்றால், நன்றாக ஓடிச் சூடேறிய ஆக்சிலைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. 90 டிகிரியில் இருந்த காற்று 30 டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், அந்த இடத்தை நிரப்ப எதையாவது உறிஞ்சத்தான் செய்யும். சுற்றிலும் இருப்பது தண்ணீர். மூடி சரியாக உட்காராவிட்டால் அந்த வழியாக வரும், சேறு இறுகி மூடி அடைத்துப் போயிருந்தால் ஆயில் சீலின் ஓரமாக வரும், ஏனென்றால் பினியன் சீலும் ஆக்சில் சீலும் ஆயிலை உள்ளே நிறுத்தத்தான் செய்யப்பட்டவை, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. அடைத்துப்போன பிரீத்தருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: வெயிலில் நெடுந்தூரம் ஓடும்போது உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலை சீல் வழியாக பிரேக் ஷூ மேலேயே தள்ளிவிடும்.

சரி, கிட்டுக்கு வருவோம். பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்தக் கட்டைதான். சிவப்பு அனோடைஸ் பூச்சு, மேலே சிறிய வெண்கல ஃபில்டர், பார்க்க ஜோராக இருக்கிறது. எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. நாலு டியூபும் ஒரே அறைக்குள் சேர்ந்து ஒரே ஃபில்டர் வழியாக மூச்சு விடுகின்றன, ஆகவே அந்த ஃபில்டர் தூசியில் அடைத்தால் நாலும் ஒன்றாக அடைக்கும். அது மட்டுமில்லாமல் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயில் ஆவியும் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில் ஆவியும் ஒரே இடத்தில் கூடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கெடுதல் நடந்தே தீரும் என்று சொல்லவில்லை, ஆனால் கியர்பாக்ஸுக்கு மட்டும் தனி டியூபும் தனி ஃபில்டரும் வைத்துவிட்டு, கட்டையில் மிச்சமான துளையை பிளக் போட்டு அடைத்துவிட்டேன்.

உண்மையில் நன்றாகச் செய்திருப்பது அடிப்பக்கம். ஆக்சிலில் முறுக்கும் பித்தளை ஃபிட்டிங்குகள் கனமானவை, மரை சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறது, டியூபைச் செருகினால் டக்கென்று பிடிக்கிறது, கழற்ற வளையத்தை அழுத்தினால் போதும். அளவு மாற்றும் அடாப்டர்களும் சேர்த்தே வருகின்றன. இதில் மட்டும் கவனம் வேண்டும், என்பிடி (அமெரிக்க முறை), பிஎஸ்பி (பிரிட்டிஷ் முறை) என்று குழாய் மரையில் இரண்டு வகை உண்டு: 1/8 என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, 1/8 பிஎஸ்பியில் 28. தப்பானதைப் போட்டால் முதல் சில சுற்று வெண்ணெயாக இறங்கும், அப்புறம் இறுகும். “டேப்பர் (கூம்பு வடிவ) மரை, அப்படித்தான் இறுகும்” என்று ஸ்பேனரைப் போட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை போய்விடும். அதனால் ஃபிட்டிங்கைப் பக்கத்தில் பழைய பிரீத்தரோடு வைத்து, மரை பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள். பழையதைக் கழற்றும் முன் அந்த இடத்தை பிரஷ் போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்வதும் முக்கியம், இல்லாவிட்டால் தண்ணீருக்குப் பயந்து மண்ணை உள்ளே தள்ளியது போல ஆகிவிடும்.

குறை என்றால் டியூப்தான். கிட்டில் வந்தது மெல்லிய பாலியூரிதேன். அந்த வகை சாதாரண டியூப்கள் பெரும்பாலும் 60 டிகிரி வரைதான் தாங்கும், ஆக்சில் அதைத் தாண்டிச் சூடேறும், சைலன்சர் குழாய் வேறு பக்கத்தில். நைலான் டியூப் தனியாக வாங்கி மாற்றினேன். நீளமும் பத்தாது. திட ஆக்சில் உள்ள வண்டியில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது டியூப் இழுபடாமல் இருக்க வேண்டும், ஆகவே சேஸியை ஜாக்கியில் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும், தரையில் நிற்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். அந்தக் கூடுதல் நீளத்தை நடுவில் தொய்யவும் விடக்கூடாது. பள்ளமான வளைவில் ஆயிலும் ஈரமும் தேங்கி, டியூபே அடைப்பாகிவிடும். பிரேக் ஹோஸ் போகும் பாதையையே பின்பற்றினால் பாதி வேலை மிச்சம், ஏனென்றால் அந்த அசைவுக்கு இடம்விட்டுத்தான் கம்பெனி அதைக் கொண்டுபோயிருக்கிறது. டியூப் முனையை பிளேடால் நேராக வெட்டுங்கள், சாய்வாக வெட்டினால் ஓ-ரிங்கில் உட்காராது.

கூடவே வந்த தாளில் இது எதுவும் இல்லை. ஒரு படம், நாலு அம்புக்குறி, அவ்வளவே.

மாட்டியபின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றிவிட்டு, மேலே கட்டையிலிருந்து ஒவ்வொரு டியூபாகக் கழற்றி லேசாக ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். முன்பே தண்ணீரில் இறங்கிய வண்டி என்றால், கிட் போடும் முன் ஒரு இரவு நிறுத்திவைத்து, காலையில் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஆயிலை விடத் தண்ணீர் கனம் என்பதால், அடியில் தேங்கியிருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் தயங்காமல் முழுதாக மாற்றிவிடுங்கள், கிட் அந்தத் தண்ணீரை வெளியே எடுக்காது.

வாங்கலாமா என்றால், ஃபிட்டிங்குகளைத் தனித்தனியாகத் தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு வாங்கலாம், டியூபுக்குத் தனியாகக் காசு ஒதுக்கிவைத்துக்கொண்டு. சரியான மரை ஃபிட்டிங்குகள் உங்களுக்குக் கையில் கிடைக்கும் என்றால் அவற்றோடு நைலான் டியூபும் டியூபுக்கு ஒரு சின்ன ஃபில்டரும் போதும், சிவப்புக் கட்டை தேவையே இல்லை. கிட்டோடு வரும் ஜிப் டைகளை மட்டும் குப்பையில் போடுங்கள், ரப்பர் வைத்த கிளாம்ப் போடுங்கள், அந்த டையை இறுக்கினால் டியூபின் கழுத்தையே நெரிக்கிறது.