உருபு ஒட்டுமா, அடி பிரியுமா?

வெறும் உரையில் நாலைந்து குறிகளைச் சேர்த்தே தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து எல்லாம் அமைக்கலாம். இதற்கான குறிமொழிகளில் எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு சோதனைகளைச் சொல்வேன். தமிழில் எழுதுகிறவருக்கு இரண்டும் அன்றாடம் எதிர்ப்படுபவை.

முதலாவது, வேற்றுமை உருபு. 'மதுரையில்' என்பதில் 'மதுரை' மட்டும் தடித்துத் தெரிய வேண்டும். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுனில் `**மதுரை**யில்` என்றாலே போதும். நட்சத்திரக்குறிக்குப் பதிலாக அடிக்கோடு போட்டீர்களானால், இன்றைய கருவிகள் பலவற்றில் கோடுகள் அப்படியே பல்லிளிக்கும். `**"மதுரை"**யில்` என்று மேற்கோள் குறியையும் உள்ளே வைத்தாலும் அதே கதிதான்.

பைத்தான் நிரல்மொழியின் ஆவணங்கள் எழுதப்படும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறிமொழி இதில் மிகவும் கறார். மூடும் குறியை அடுத்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும். `**மதுரை**\ யில்` என்று சாய்கோடும் இடைவெளியும் செருகினால்தான் உருபு ஒட்டும். ஒட்டுநிலை மொழியில் எழுதுகிறவர் ஒரு பக்கத்தில் எத்தனை முறை இதைச் செய்வார்? ஆஸ்கிடாக் என்ற இன்னொரு குறிமொழியில் தனிச்சொல்லுக்கு ஒற்றை நட்சத்திரம், சொல்லின் ஒரு பகுதிக்கு இரட்டை. விக்கிப்பீடியாவின் குறிமொழியில் மூன்று ஒற்றை மேற்கோள்கள். உருபு தாராளமாக ஒட்டும்.

இரண்டாவது, செய்யுள். குறள் வெண்பா ஒன்றை மார்க்டவுனில் இரண்டு வரியாகத் தட்டிப் பாருங்கள். ஏழு சீரும் ஒரே வரியாக வந்து நிற்கும். அடி பிரிய, முதல் வரியின் முடிவில் இரண்டு இடைவெளிகள் விட வேண்டும். அவை கண்ணுக்குத் தெரியாது. மெய்ப்புப் பார்ப்பவருக்கும் தெரியாது. வரிக் கடைசி இடைவெளிகளைச் சேமிக்கும்போதே துடைத்துவிடும் எழுதுபொறிகளும் உண்டு. அடியும் சீரும் கெட்ட வெண்பா அச்சேறுவதை என்னால் பொறுக்க முடியாது.

முதல் சோதனையில் தோற்ற ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் இங்கே தலைநிமிர்கிறது: ஒவ்வோர் அடியின் முன்னும் `|` என்று ஒரு கோடு, அவ்வளவுதான். விக்கியில் செய்யுளுக்கென்றே 'போயம்' என்ற குறிச்சொல் இருக்கிறது. ஆஸ்கிடாக்கிலும் செய்யுளுக்குத் தனிக் கட்டம் உண்டு. அதற்குள் அடிகள் தட்டியபடியே நிற்கும்.

ஆகவே குறிப்பும் சிறு கட்டுரையும் என்றால் மார்க்டவுனே போதும். உரையோடு கூடிய செய்யுள் நூலுக்கு ஆஸ்கிடாக்கைத்தான் சொல்வேன். அதில் அடிக்குறிப்பும் அட்டவணையும் மொழியிலேயே இருக்கின்றன. க்ரூபரின் மார்க்டவுனில் இரண்டுமே கிடையாது. பின்னால் வந்த கருவிகள் தத்தம் போக்கில் சேர்த்துக்கொண்டன. அதனால், ஒரு கருவியில் ஒழுங்காக வந்த அடிக்குறிப்பு இன்னொன்றில் வெறும் சதுர அடைப்புக்குறியாக நிற்கக்கூடும்.