டொட் கொம்மா, டொட் எல்கேயா? கிழக்கின் இணையக் கடைகளுக்கு ஒரு டொமைன் அலசல்

மருதமுனையில் நெய்த சாரனையும் சேலையையும் கொழும்புக்கும் கண்டிக்கும் கூரியரில் அனுப்பும் கடைக்கும், அறுகம்பேயில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவருக்கு ஐந்து அறைகளை வாடகைக்கு விடும் வீட்டுக்கும் ஒரே டொமைன் (இணையத்தளத்தின் முகவரிப் பெயர்) பொருந்தாது. கடையின் வாடிக்கையாளர் பெயரை யாரோ சொல்லக் கேட்டு, போனில் தட்டிப் பார்க்கிறார். வீட்டின் விருந்தினர் எங்கோ இருந்து கூகுளில் தேடி, படங்களைப் பார்த்து, ஈமெயில் எழுதுகிறார். யார் வரப்போகிறார், எப்படி வரப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விலைப்பட்டியலை அதன் பிறகு பார்க்கலாம்.

டொட் கொம்மின் பலம் பழக்கம். முகவரியின் கடைசிப் பகுதியான முடிவை மறந்தவர் உலகில் எங்கிருந்தாலும் டொட் கொம் என்றுதான் தட்டுவார். அதன் குறை, சுருக்கமான நல்ல பெயர்களில் பெரும்பாலானவை எப்போதோ போய்விட்டன என்பது. விலையைப் பொறுத்தவரை, டொட் கொம்மை நடத்தும் வெரிசைன் நிறுவனம் பதிவாளர்களிடம் (நமக்குப் பெயரை விற்கும் நிறுவனங்களிடம்) வாங்கும் மொத்த விலை 2024 செப்டெம்பரில் ஆண்டுக்கு 10.26 டொலராக உயர்ந்தது. அதன் மேல் டொமைன்களை மேற்பார்வை செய்யும் ஐக்கான் அமைப்புக்கு 20 அமெரிக்கச் சதம். இதைவிடக் குறைவாக, மூன்று டொலருக்கு, ஒரு டொலருக்கு என்று விளம்பரம் வந்தால் அது முதல் ஆண்டுக்கான தூண்டில். இரண்டாம் ஆண்டு விலையைத் தேடி வாசிக்காமல் அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.

இலங்கையில் இருப்பவருக்கு டொட் கொம்மில் இன்னொரு கணக்கும் உண்டு: அது டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. ஒரே பெயர், ஒரே சேவை, ரூபாயில் ஏறக்குறைய இரு மடங்கு. டொட் கொம்மை ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதிவு செய்யலாம். கையில் காசு இருக்கும் நேரத்தில் மூன்று, ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டுவது இங்கே பொருள் உள்ள செலவு.

இலங்கைக்கான முடிவான டொட் எல்கேயை எல்கே டொமைன் பதிவகம் 1990 முதல் நடத்தி வருகிறது. ரூபாயில் கட்டலாம், டொட் கொம்மில் கிடைக்காத சிறிய பெயர் இதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கூகுள் டொட் எல்கேயை இலங்கைக்குரிய தளமாகவே எடுத்துக்கொள்கிறது. மட்டக்களப்பு நகரில் கேக் செய்து விற்பவருக்கும், கல்முனையில் போன் உதிரிப்பாகம் விற்பவருக்கும் இது நேரடி இலாபம். அறுகம்பே விருந்தினரையோ, டொரன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களையோ நம்பும் வியாபாரத்துக்கு அதே இயல்பு சற்றுப் பாதகமாகலாம். அங்கே டொட் கொம் முன்னால் நிற்கட்டும், டொட் எல்கேயை வாங்கி அதற்குத் திருப்பிவிடலாம்.

எல்கேயின் கீழ் கொம் டொட் எல்கே, ஹோட்டல் டொட் எல்கே போன்ற கிளைகளும் உள்ளன. பாசிக்குடாவில் அறை வாடகைக்கு விடுபவருக்கு ஹோட்டல் டொட் எல்கே கவர்ச்சியாகத் தெரியும். எங்கள் அபிப்பிராயம், வேண்டாம். கேட்பவர் நடுச்சொல்லை விழுங்கிவிட்டு நேரே எல்கேக்குப் போய்விடுவார். அந்தப் பெயர் வேறொருவர் கையில் இருந்தால் உங்கள் விளம்பரச் செலவில் அவருக்கு ஆள் சேர்ப்பீர்கள்.

டொட் எல்கே பாதுகாப்பானதா என்று கேட்பவர்கள் 2021 பெப்ரவரி 6 ஆம் திகதியை நினைவில் வைத்துக் கேட்கிறார்கள். அன்று கூகுளின் எல்கே முகவரி உட்படச் சில பெயர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. அதே நாளில் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். இதற்காக எல்கேயைக் கைவிடத் தேவையில்லை. சிறு கடைகள் பெயரை இழப்பது பெரும்பாலும் தங்கள் சொந்தக் கடவுச்சொல்லாலும், கவனிக்காமல் விட்ட முடிவுத் திகதியாலும்தான்.

டொட் இலங்கை, புதிய முடிவுகள்

2010 முதல் தமிழிலேயே டொட் இலங்கை என்ற முடிவு இருக்கிறது. பெயர்ப்பலகையில் முழு முகவரியும் தமிழில் நிற்பதைப் பார்க்கும்போது உண்மையாகவே மகிழ்ச்சி. ஆனால் அதை ஒரே முகவரியாக நம்பி வியாபாரம் நடத்த இன்னும் காலம் வரவில்லை. கணினிகள் தமிழ்ப் பெயரை உள்ளே எக்ஸ், என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றியே வைத்துக்கொள்கின்றன. ஒரு செய்தியில் ஒட்டும்போது சில செயலிகள் அந்தக் கோவையையே காட்டும், பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயந்து விலகுவார். ஈமெயில் அதைவிடச் சிக்கல், அனுப்புபவர் பக்கமும் பெறுபவர் பக்கமும் தமிழ் முகவரியை ஏற்றால்தான் கடிதம் போகும்.

எழுத்திலும் ஒரு பொறி உண்டு. ‘கௌ’ என்று ஒரே எழுத்தாக அடிப்பவரும், கெகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்து ‘கெள’ என்று அடிப்பவரும் இருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். கௌரி, சௌமியா, பௌர்ணமி போன்ற சொற்கள் உங்கள் கடைப் பெயரில் இருந்தால் இதைச் சோதித்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். தமிழ்ப் பெயரை இரண்டாவது முகவரியாக வாங்கி, முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடுவதே இப்போதைக்குச் சரி.

டொட் ஷொப், டொட் ஸ்டோர், டொட் ஒன்லைன் போன்ற புதியவை முதல் ஆண்டு மலிவு. அவற்றில் பலவற்றின் புதுப்பிப்பு 25 டொலருக்கு மேல். விருப்பமான சொல் வேறு எதிலும் கிடைக்காதபோது மட்டும் போங்கள். இலவசப் பெயர்களின் கதை முடிந்துவிட்டது: டொட் டீகே போன்றவற்றைச் சும்மா கொடுத்த ஃப்ரீனொம் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தி, 2024 இல் அந்தத் தொழிலை விட்டே வெளியேறியது.

ஊர்ப் பெயரா, சொந்தப் பெயரா

நம் பக்கத்து வியாபாரங்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஊர்ப் பெயரைச் சேர்த்தால் கூகுளில் முன்னால் வரலாம் என்று எண்ணி வாங்குகிறார்கள். ஆனால் பாசிக்குடாவை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எஸ் போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. கடைசியில் எச் சேர்ப்பவரும் உண்டு, விடுபவரும் உண்டு. இந்த இரண்டு வேறுபாட்டிலேயே நான்கு எழுத்துக்கூட்டல்கள். மருதமுனையின் தகரத்துக்கு ஒருவர் ‘டீ எச்’ (th) என்பார், இன்னொருவர் ‘டி’ (d) என்பார். வாழைச்சேனையில் ழகரம் ‘எல்’லா (l), ‘இசட் எச்’சா (zh), சகரத்துக்கு சிஎச் ஒன்றா இரண்டா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அறுகம்பேயை ஒரு சொல்லாக எழுதுவதா, நடுவில் கோடு போடுவதா என்பது இன்னொன்று.

சோதனை எளிது. பத்துப் பேருக்குப் போனில் பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எட்டுப் பேர் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயர் தாங்கும். ஐந்து பேர் வேறு மாதிரி எழுதினால் விட்டுவிடுங்கள், அல்லது இரண்டாவது எழுத்துக்கூட்டலையும் வாங்குங்கள். ஊர்ப் பெயருக்குப் பதிலாக நான்கைந்து எழுத்தில் ஒரு சொந்தச் சொல் இருந்தால் அதையே நாங்கள் தெரிவு செய்வோம். நாளை காத்தான்குடியில் இன்னொரு கிளை திறந்தாலும் பெயர் பழுதாகாது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருப்பதால் அதே டொமைன் தானாக உங்களுடையதாகிவிடாது. டொமைனைக் கையில் எடுத்த பிறகே பெயர்ப்பலகை அடியுங்கள். பெயரை வைத்து வழக்காட வேண்டி வந்தால் கைகொடுப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த வியாபாரக் குறி. டொட் கொம் பெயர் ஒன்றை உலகப் புலமைச் சொத்து அமைப்பின் மூலம் மீட்கக் கேட்டால், ஒரு நடுவருக்கான கட்டணமே 1,500 டொலர். சிறு கடைக்கு அது எட்டாத தொகை.

யாரிடம் வாங்குவது, யார் பெயரில் வாங்குவது

மூன்று வழிகள் உள்ளன. தளம் செய்து தரும் தம்பியே டொமைனையும் வாங்கித் தருவது முதலாவது. வெளிநாட்டுப் பதிவாளரிடம் நீங்களே அட்டையில் வாங்குவது இரண்டாவது. உள்நாட்டில் ரூபாயில் வாங்குவது மூன்றாவது.

முதல் வழியில் வேலை குறைவு, ஆபத்து அதிகம். அந்தத் தம்பி நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் பெயர் அவருடைய கணக்கில், அவருடைய ஈமெயிலில் இருக்கும். அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய், பழைய ஈமெயிலைப் பார்ப்பதை நிறுத்தினால் உங்கள் கடையின் பெயர் யாருக்கும் தெரியாமல் காலாவதியாகும். 2018 முதல், டொமைன் யாருடையது என்று பார்க்கும் பொதுத் தேடலில் உரிமையாளர் விபரம் பெரும்பாலும் மறைக்கப்படுகிறது. அதனால் தேடிப் பார்த்து ‘என் பெயர்தான் இருக்கிறது’ என்று உறுதி செய்யவும் முடியாது. ஒன்று கேளுங்கள்: கணக்கு உங்கள் ஈமெயிலில் திறக்கப்பட வேண்டும், பற்றுச்சீட்டு உங்கள் பெயருக்கு வர வேண்டும். அவருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதியைப் பிறகு கொடுக்கலாம். இதற்கு மறுக்கும் ஒருவரிடம் தளம் செய்ய வேண்டாம்.

இரண்டாவது வழியில் நேம்சீப், கோடாடி, கிளவுட்ஃப்ளேர் எனப் பலர் இருக்கிறார்கள். கிளவுட்ஃப்ளேர் இலாபம் சேர்க்காமல் அடக்க விலைக்கே தருகிறது. பதிலுக்கு அவர்களுடைய பெயர்ச் சேவையகத்தையே (டொமைனின் பதிவுகள் இருக்கும் கணினியையே) பயன்படுத்த வேண்டும், டொட் எல்கே அவர்களிடம் கிடையாது. இவர்களில் யாரிடம் வாங்கினாலும் வங்கியில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்துவைக்க வேண்டும். அட்டை காலாவதியாகிப் புதியது வந்தவுடன் அதை மாற்றிப் பதியாவிட்டால், தானியங்கிப் புதுப்பிப்பு சத்தமில்லாமல் தோற்கும். மூன்றாவது வழியில் ரூபாயில் கட்டுவதால் இந்த வெளிநாட்டுக் கொடுப்பனவுச் சிக்கல் இல்லை.

வாங்கியவுடன் வரும் உறுதிப்படுத்தும் ஈமெயிலை 15 நாட்களுக்குள் அழுத்தாவிட்டால் தளம் முடக்கப்படலாம். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் ஈமெயில் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் நின்றால் ஈமெயிலும் நிற்கும், மீட்கும் கடிதம் வந்து சேர வழியில்லாமல் போகும். தனி ஜிமெயில் ஒன்றைத் திறந்து, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் அதன் விபரம் தெரியும்படி வையுங்கள்.

பிறகு பதிவாளரை மாற்ற நினைத்தால், டொட் கொம்மை வாங்கி 60 நாட்கள் ஆக வேண்டும். அதன் பின் டொமைனின் இடமாற்றப் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டைப் பெற்று, புதிய இடத்தில் கொடுக்க வேண்டும்.

ஹோஸ்டிங்கோடு (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் இடத்தோடு) இலவசமாக வரும் டொமைன் இன்னொரு கண்ணி. ஹோஸ்டிங்கை விட்டு வெளியேறும் நாளில்தான் அந்த இலவசத்தின் விலை தெரியும். இரண்டையும் இரண்டு இடத்தில் வைத்திருந்தால், தளம் விழுந்தாலும் பெயரை அரை மணி நேரத்தில் வேறு சேவையகத்துக்குத் திருப்பலாம்.

அப்படித் திருப்பும்போது அதிகம் நடக்கும் விபத்து ஈமெயில் அறுந்துபோவது. பெயர்ச் சேவையகத்தை மாற்றினால் பழைய இடத்தில் இருந்த பதிவுகள் எதுவும் கூட வராது. தளம் எந்தச் சேவையகத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஏ பதிவை மட்டும் புதிய இடத்தில் எழுதிவிட்டு, ஈமெயிலுக்கான எம்எக்ஸ் பதிவுகளை மறந்துவிடுகிறார்கள். தளம் அழகாகத் திறக்கும், ஓடர்கள் வராது. மாற்றுவதற்கு முன் பழைய பதிவுகள் எல்லாவற்றையும் படம் பிடித்து, புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சேவையகத்தை மாற்றுங்கள். டொட் கொம்மில் அந்த மாற்றம் எல்லோருக்கும் போய்ச்சேர 48 மணி நேரம் வரை எடுக்கலாம். ஏ பதிவு மட்டும் மாறுவதாக இருந்தால், பிற கணினிகள் பழைய பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரமான டீடீஎல் அளவை முந்தைய நாளே 300 விநாடிக்குக் குறைத்து வைத்தால் ஐந்து நிமிடத்தில் மாறும். உங்கள் டொமைனில் ஈமெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாமல், உங்கள் கடிதங்கள் ஸ்பாமில் விழும். இணையத்தில் பணம் பெற உதவும் பேஹியர் போன்ற கொடுப்பனவு வாயிலில் டொமைன் பெயரையும் கொடுத்தே பதிகிறோம். பெயரையே மாற்றினால் அங்கேயும் புதிதாக அனுமதி பெற வேண்டும்.

காலாவதி விடயத்தில் டொட் கொம் கொஞ்சம் இரக்கம் காட்டும். முடிவுத் திகதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும், ஒரு வாரம் முன்னரும், முடிந்த ஐந்து நாட்களுக்குள்ளும் நினைவூட்டல் வர வேண்டும் என்பது விதி. திகதி கடந்தால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை வழமையான விலையில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம், ஆனால் தளம் அதற்கு முன்னரே நின்றுவிடும். அடுத்த 30 நாளில் மேலதிகத் தண்டம் கட்டி மீட்கலாம். அதற்குப் பின் 5 நாள் காத்திருந்து, பெயர் எவரும் எடுக்கத் திறந்துவிடும். டொட் எல்கேக்கு இந்த நாட்கணக்கை எதிர்பார்த்து இருக்காதீர்கள், திகதிக்கு முன்னரே கட்டிவிடுங்கள்.

அறுகம்பேயின் அலைக்காலம் ஏப்ரல், மேயில் தொடங்கி ஒக்டோபர் வரை. முடிவுத் திகதி ஜூலையில் விழும் பெயரை, ஆள் குறைந்த ஜனவரியிலேயே புதுப்பித்துவிடலாம். முன்கூட்டிக் கட்டுவதால் ஒரு நாளும் குறையாது, புதிய ஆண்டு பழைய முடிவுத் திகதியிலிருந்தே எண்ணப்படும்.